விரதக்காரி

கேஸ் என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், தம்பி. மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் ஒரு வயசாளி இருக்கிறானே என்று பேச்சுக் கொடுத்தீர்கள். "வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கேஸ்தான், ஒரு தடவை பார்த்துட்டுப் போயிரலாம்னு வந்தோம்" என்றீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற அறைக்கு வெளியே, இந்த பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அதைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பது வருஷமாக அப்படித்தான் வருகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி நேற்று எவ்வளவு சாப்பிட்டார்கள்? யோசிக்கிறீர்கள். "வழக்கம்போலத்தான்" என்கிறீர்கள். வழக்கம் என்றால் எவ்வளவு? இரண்டு தோசையா, அரைத் தோசையா? தெரியாது. சரி விடுங்கள், எனக்கும் தெரியாது. வீட்டுப் பெண்கள் சாப்பிடுவதை எந்த ஆம்பளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்? நமக்குப் போட்டுவிட்டு, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து அவர்கள் ஏதோ சாப்பிடுகிறார்கள். நாம் அதற்குள் கையைக் கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். ஊரே அப்படித்தான் இருக்கிறது. அதற்கு என்னை மட்டும் குற்றவாளி ஆக்கினால்? ஆக்கினாள், தம்பி. எழவு வீட்டில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், என் கொழுந்தியாள் கேட்டாள். "ஒரு நாளாவது எங்கக்கா தட்டைப் பார்த்திருக்கீங்களா அத்தான்?" என்று. பார்த்திருக்கிறேன். ஏன் பார்க்கவில்லை? அதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குக் கடையநல்லூர். மோட்டார் வைண்டிங் பட்டறை. என் வீட்டுக்காரி பெயர் ஆவுடையம்மாள். கல்யாணமாகி வந்தபோது நல்ல சாப்பாட்டுக்காரி. ஒரு கருவாட்டுக் குழம்பு வைத்தாள் என்றால் சட்டியை வழித்துச் சோறு போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் பத்து வருஷத்துக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு நாள் அரைத் தட்டுச் சோற்றைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போகிறாள், பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட. நான் பார்த்துவிட்டேன். எனக்குத் தட்டில் சோறு மிஞ்சினால் ஆகாது. சின்ன வயதில் பட்டினி கிடந்தவன். மகள் சங்கரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிச்சம் வைத்தால் தட்டோடு தூக்கி முற்றத்தில் எறிவேன். அப்போதுதான் அருமை தெரியும். அன்றைக்கும் அப்படித்தான். "மகாராணிக்கு நம்ம வீட்டுச் சோறு கசக்குதோ?" என்று ஒரு சத்தம் போட்டேன். தட்டு கொல்லைச் சுவரில் போய் விழுந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை. கண்டிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மறுமாதம் ஐப்பசி. கந்த சஷ்டி வந்தது. "நான் ஆறு நாளும் விரதம் இருக்கப்போறேன்" என்றாள். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைகூட இருக்காதவள். எனக்கு ஆச்சரியம்தான். வயசாகிறது, பக்தி வருகிறது, நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். பாலும் பழமுமாக ஆறு நாள். அது முடிந்ததும் வெள்ளிக்கிழமை பிடித்துக்கொண்டாள். பிறகு செவ்வாய்க்கிழமை. பிறகு கார்த்திகை, பிரதோஷம், பௌர்ணமி. தை பிறந்தபோது இரண்டு வேளை சாப்பிடுகிற நாள் வாரத்தில் ஒன்றோ இரண்டோதான். விரதம் இல்லாத நாளில் கொஞ்சம் தயிர் சாதம், அதற்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய்.

தெருவே கொண்டாடியது, தம்பி. "உங்க வீட்டம்மா முகத்துல என்ன ஒரு களை" என்பார்கள். ஆள் இளைத்து, கன்னம் ஒட்டி, வெளுத்துப்போயிருந்தாள். அதற்குப் பெயர் தெய்வக் களை. புதிதாகக் கல்யாணமான பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கிக்கொண்டு போவார்கள். சாமிக்குத் தொட்டில் கட்டுவதென்றால் அவளைக் கூப்பிடு, முளைப்பாரி போடுவதென்றால் அவளைக் கூப்பிடு. பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடமே கேட்பார்கள், "என்ன முதலாளி, இன்னிக்கும் வீட்ல விரதமா?" என்று. நான் சொல்வேன், "நம்ம வீட்ல அடுப்பு எரியிறதே எனக்காகத்தான்" என்று. பெருமையாகத்தான் சொன்னேன். பெண்டாட்டி நல்ல காரியம் செய்தால் சொல்லக் கூடாதா? நான் அவளை விரதம் இரு என்று ஒரு நாள் சொன்னது கிடையாது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாசியில் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றாள். எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இருக்கிறார், கைராசிக்காரர் என்று பெயர். கூட்டிக்கொண்டு போனேன். பாருங்கள், கூட்டிக்கொண்டு போனேன். மனுஷன் அவளைப் படுக்கவைத்து, தர்பூசணி வாங்குகிறவன் தட்டிப் பார்க்கிற மாதிரி வயிற்றில் இரண்டு தட்டு தட்டினார். "கேஸ்தாம்மா. விரதம் விரதம்னு வயித்தைக் காயப்போட்டா கேஸ் ஏறத்தானே செய்யும்?" என்றார். ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. எரிச்சல் நின்றுவிட்டது. நின்றதும் நாங்களும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். பிற்பாடு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அந்த மாத்திரை எரிச்சலைத்தான் அடக்கும், உள்ளே இருப்பது அது பாட்டுக்கு வளரும் என்று. என் பட்டறைக்கு மோட்டார் வந்தால் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் நான் வாயைத் திறக்க மாட்டேன். இவர் தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்!

அதோடு விட்டாரா? ரத்தப் பரிசோதனை எழுதினார். ரத்தம் பாதிக்குப் பாதி குறைவு. உடனே இரும்புச்சத்து மாத்திரை. "கீரை சாப்பிடுங்க, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்றார். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டாரா? ஐம்பத்தைந்து வயதுப் பெண். மாதாமாதம் போகிற ரத்தம் நின்று எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. அடிபடவில்லை, அறுபடவில்லை. அப்புறம் எங்கேதான் போகும்? உள்ளேதான் எங்கேயோ கசிகிறது. ஒரு தொட்டியில் தண்ணீர் குறைந்தால் ஓட்டை எங்கே என்று தேடுவோமா, ஊற்றிக்கொண்டே இருப்போமா? இவர் ஊற்றினார்.

ஒரு நாள் காலையில் அவள் என்னிடம் வந்து, "இந்தாங்க, தார் மாதிரி கறுப்பா போகுது எனக்கு" என்றாள். "இரும்பு மாத்திரை தின்னா கறுப்பாத்தான் போகும், பேசாம போய் வேலையைப் பாரு" என்றேன். டாக்டர் எனக்குச் சொன்னதைத்தான் நான் அவளுக்குச் சொன்னேன். என் சொந்தப் புத்தியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கேளுங்கள் பெரிய கூத்தை. ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூட்டம். ஆவுடை வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். விழுந்து முனகுகிறாள், கை கால் நடுங்குகிறது. நான் ஓடிப் போவதற்குள் ஒருத்தி குலவை போட்டுவிட்டாள். "சாமி வந்துட்டு! விரதக்காரி மேல ஆத்தா வந்துட்டா!" என்று. மேளக்காரன் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று அடிக்கிறான். நெற்றி நிறையக் குங்குமத்தை அப்புகிறார்கள். "தண்ணி... தண்ணி..." என்றாள். "ஆத்தா தண்ணி கேக்கா! இந்த வருஷம் குளம் பெருகும்!" என்று ஒரு கிழவன் கத்துகிறான். குடத்து மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றினார்கள். வாயில் ஒரு மடக்கு ஊற்றுவாரில்லை. ஒருத்தன் காலில் விழுந்து, "ஆத்தா, மகனுக்குத் துபாய் விசா வருமா, வராதா?" என்று கேட்கிறான். சாகப்போகிறவளிடம் விசா கேட்கிறான், தம்பி!

நான் என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் கும்பிடும்போது நான் மட்டும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க முடியுமா? வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அப்போதுதான் வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி. மேளம் நின்றுவிட்டது. சுற்றி நின்ற கூட்டம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தது. குலவை போட்டவளைத் தேடினேன், ஆளைக் காணோம். ஆட்டோவில் ஏற்ற நானும் அந்த ஆட்டோ டிரைவரும்தான் தூக்கினோம். தூக்கும்போதுதான் தெரிந்தது, ஆள் கனமே இல்லை.

திருநெல்வேலியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர் பார்த்தார். வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் இடது பக்கம், கழுத்தெலும்புக்கு மேல் குழியில் விரலை வைத்தார். அங்கே நிலக்கடலை அளவில் ஒரு கட்டி. என் விரலையும் பிடித்து அதன் மேல் வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த இடத்தில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. வயிற்றில் இருப்பது அங்கே வரைக்கும் வந்துவிட்டது என்று அந்தம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இருந்தாலும் முறையாகக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பி, ஸ்கேன் எடுத்து, எல்லாம் செய்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எவ்வளவு நாளாம்மா சாப்பிட முடியல?"

ஆவுடை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்மா. நாலு வாய் உள்ள போனதும் வயிறு நிறைஞ்சு கல்லு மாதிரி ஆயிரும். அதுக்கு மேல இறங்காது. அதான் விரதம்னு சொல்லிட்டேன். விரதம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். ஒரு வருஷம்! கட்டின புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? ஊரை ஏமாற்றினாள், சாமியை ஏமாற்றினாள், சரி. என்னையுமா? ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன். "ஏன்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தப் பெண்களே இப்படித்தான். நாமாகக் கேட்டாலும் சொல்வதில்லை.

அந்த டாக்டரையும் விடவில்லை நான். "பீடி குடிக்கிறவன் நான். கருவாடும் உப்புக்கண்டமும் அவளைவிட அதிகமாகத் தின்றவன் நான். எனக்கு வராமல் விரதம் இருந்தவளுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். உப்புப் போட்டுப் பதப்படுத்தினது, புகைபோட்டது, இதையெல்லாம் வருஷக்கணக்காகத் தின்பது ஒரு காரணம். புகையிலை ஒரு காரணம். குடும்பத்தில் முன்னால் யாருக்காவது வந்திருப்பது ஒரு காரணம். ஆவுடையின் அம்மாவும் வயிற்றுக்கட்டியில்தான் போனாள், கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கிருமி. வயிற்றிலேயே குடியிருக்கும், பாதிப் பேருக்கு இருக்கும், ரொம்பப் பேரை ஒன்றும் செய்யாது, சிலருக்கு வருஷக்கணக்கில் புண்ணாக்கி வேறு மாதிரி கொண்டுபோய் விடும். "இவ்வளவும் இருந்து வராதவங்களும் உண்டு. ஒண்ணுமே இல்லாம வந்தவங்களும் உண்டு. இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதுங்க" என்றார்.

அந்தக் கிருமி எப்படி வரும் என்று கேட்டேன். பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும், ஒரு வீட்டில் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு, எச்சில் வழியாகவும் வரலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆவுடை என்றைக்கும் நான் சாப்பிட்ட தட்டில்தான் போட்டுச் சாப்பிடுவாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம், நான் சொன்னதில்லை. "நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்குங்க, இருந்தா மாத்திரையில சரிபண்ணிடலாம்" என்றார் டாக்டர். எழுந்து வந்துவிட்டேன். என்ன சொல்ல வருகிறார்? நான் கொடுத்து அவளுக்கு வந்தது என்கிறாரா? அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் அப்படித்தானே அர்த்தம்?

ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்கள். ஈரலுக்குப் போய்விட்டது. ஊசி மருந்து ஏற்றினார்கள், முடி போயிற்று, வயிற்றில் நீர் கோத்தது. கடைசி நாட்களில் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்தார்கள், இத்தனை நாள் விரதம் இருந்தவள் வாய்க்கு ருசியாக ஏதாவது சாப்பிடட்டும் என்று. ஒருத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். "கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க, வாசனையாவது பிடிச்சுக்கிடுதேன்" என்றாள் ஆவுடை. நான் கிண்ணத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை ஓய்ந்துபோகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் போய்விட்டாள்.

அது இருக்கட்டும். நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்களே. உள்ளே இருப்பது என் மகள் சங்கரகோமதி, சங்கரி என்று சொன்னேனே, அவள்தான். ஒரே பிள்ளை. அதோ ஜன்னல் ஓரமாகப் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் மருமகன் சுடலைமணி. பாளையங்கோட்டையில் இருக்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். ஒரு வியாழக்கிழமை. எனக்கும் அவருக்கும் இலை போட்டாள், தனக்குப் போடவில்லை. ஏன் என்றால், மருமகன் வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார், "உங்க மக இப்ப வியாழன், சனி ரெண்டு நாளும் விரதம் மாமா. அப்படியே அத்தையை மாதிரி" என்று.

என் கையில் இருந்த டம்ளர் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. "யாரைக் கேட்டு விரதம் இருக்கே? வாயைத் திற! எவ்வளவு சாப்பிடுதே, சொல்லு!" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, மனசுக்குச் சமாதானமா இருக்கு" என்கிறாள். அதே மாதிரி கன்னம் ஒட்டியிருக்கிறது. மருமகன் குறுக்கே வந்தார். "முப்பத்தெட்டு வயசுக்காரிக்கு என்ன மாமா வரப்போகுது? அவ பயந்துருவா, மெதுவா பேசுங்க" என்றார். மெதுவாகப் பேசிப் பேசித்தானே ஒருத்தியைப் பறிகொடுத்தேன்? வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா, அம்மாவைப் பெற்றவள், அடுத்து இவளா? டெஸ்ட் எடுக்காமல் இந்த வீட்டுத் தண்ணீர் தொட மாட்டேன் என்று சொன்னேன். அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்படிச் சம்மதிக்கவைத்துத்தான் இன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். என்னைத் திட்டட்டும், வெறுக்கட்டும், எனக்குக் கவலையில்லை. அவள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்கு எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கூப்பிடுகிறார்கள் பாருங்கள். சங்கரகோமதி கூட வந்தவங்களான்னா கேக்கீங்க? இந்தா வந்துட்டேன் சிஸ்டர். என்ன? நான் வர வேண்டாமா? நான் அவ அப்பா, சிஸ்டர். பெத்த அப்பா. ஓ... வீட்டுக்காரரை மட்டும் வரச் சொன்னாங்களா? யாரு, டாக்டரா சொன்னாரு? அவளே சொன்னாளா?

சரி. போகச் சொல்லுங்க அவரை.

கேட்டீர்களா, தம்பி? காலையில் நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறி வந்தவன் நான். போனை நோண்டிக்கொண்டு நின்றவருக்கு உள்ளே இடம். பரவாயில்லை, கதவு இடுக்கில் தெரிகிறது. குழாய் விட்டு முடிந்துவிட்டது போலிருக்கிறது, எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரிடம் ஏதோ சொல்கிறாள். சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கையை வயிற்றில் வைத்துக் காட்டுகிறாள், கிண்ணம் மாதிரி விரலைக் குவித்துக் காட்டுகிறாள், இவ்வளவுதான் சாப்பிட முடிகிறது என்கிறாளா? அழுகிறாளா, சிரிக்கிறாளா? இவ்வளவு பேச்சு இவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. என்னிடம் பேசினால் "சரிப்பா", "இல்லப்பா", அதைத் தாண்டாது.

வருகிறாள். மெதுவா வாம்மா. தொண்டை மரத்திருக்கும், மெதுவா பேசு. என்ன சொன்னாங்க?

கட்டி இல்லையா? நல்லா பார்த்தாங்களா? உள்ள எல்லா இடமும் பார்த்தாங்களா? புண்ணு. புண்ணு இருக்கு. சதை எடுத்து அனுப்பியிருக்கா? அடுத்த வாரம் வரணுமா? வருவோம். அந்தக் கிருமி இருக்கும்போல, மாத்திரை தருவாங்க, வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்... நானுமா? எடுப்போம், எடுப்போம், அதை அப்புறம் பேசலாம். புண்ணுதான்னாங்கள்ல? முருகா.

தம்பி, கேட்டீர்களா, கட்டி இல்லையாம். கண்ணுக்குத் தெரிந்து கட்டி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டம்மாவுக்கும் நல்லபடியாகத்தான் இருக்கும். போய் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இரும்மா, ஒரு நிமிஷம். உள்ள அவ்வளவு நேரம் டாக்டர்கிட்ட என்ன சொன்னே? எல்லாத்தையுமா? எல்லாத்தையும்னா? ஆறு மாசமா சாப்பிட முடியலையா? ஆறு மாசமா! கறுப்பா போச்சா? முந்தாநேத்துகூடவா? முன்னப்பின்ன தெரியாத டாக்டர்கிட்ட சொல்லுதே, பெத்த அப்பன் நான் மலை மாதிரி நிக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

என்ன? சத்தமாச் சொல்லு.

கத்துவேனா? சொன்னா நான் கத்துவேனா? நான் எப்பம்மா கத்தியிருக்கேன்? உங்கம்மாகிட்ட கத்தியிருக்கேனா? உன்கிட்ட கத்தியிருக்கேனா? இந்தத் தம்பிகிட்ட கேளு, காலையில இருந்து பேசிக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை கத்தினேனான்னு கேளு! சொல்லுங்கள் தம்பி, நான் கத்தினேனா?

ஏன் தம்பி தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? ஏன் எல்லோரும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள்?